தாழ்வான பகுதிகளில் வசிப்பவர்கள்

பிப்ரவரி 5

சின்னதுக்கு,

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் காரியம் ஒரு நடிகையின் விவாகரத்தைக் கேலி செய்தது. பல்கூடத் துலக்கவில்லை. "பரஸ்பர மரியாதையுடன் பிரிகிறோம், எங்கள் தனிமையை மதியுங்கள்" என்று அறிக்கை. கூடவே, பிரிகிற இருவரும் தோளோடு தோள் நின்று எடுத்துக்கொண்ட படம். தனிமை வேண்டும் என்கிறவர்களுக்கு ஒப்பனைக்காரர் எதற்கு, விளக்குப் பிடிக்க ஆள் எதற்கு? என் பத்திக்கு எட்டு வரியில் முடித்தேன். பிறகு தேநீர். அதற்குப் பிறகுதான் உன் கடிதத்தைக் கையில் எடுத்தேன். வரிசையை நீ கவனிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போனில் பேசினால் யாராவது ஒருத்தி பாதியில் வைத்துவிடுகிறோம், கடிதமாவது கடைசி வரிவரை போகும் என்று போன வருடம் நீதான் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தாய். சரி, கடைசி வரிவரை போனேன். அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும், அதற்குப் பிள்ளைகள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல விதி. இவ்வளவு பெரிய தப்பை ஒருத்தி தனியாகச் செய்துவிடக் கூடாது என்று யோசித்து வைத்திருக்கிறார்கள்.

அப்பா மாறிவிட்டார் என்கிறாய். எழுபத்தெட்டு வயதில் மாறாமல் இருந்தால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும். கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடுகிறாராம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற மகளுக்கு இது ஒரு புகாரா? நானும்தான் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீட்டைப் புரட்டினேன். இன்னொரு படுக்கை இருந்தால் என்னையும் சேர்த்துவிடு.

முப்பது வருடம் வானொலியில் செய்தி வாசித்த மனிதர் அவர். நிலையத்தில் கொலையையும் கால்பந்தையும் ஒரே குரலில் வாசித்துவிட்டு வீட்டுக்கு வருவார். சாப்பாட்டு மேஜையில் அதே தாள்களை மறுபடி விரித்து, ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் தன் வசையைச் சேர்த்து வாசிப்பார். "அமைச்சர் வருத்தம் தெரிவித்தார். வருத்தத்தை யார்கிட்ட கடன் வாங்கினார்னு தெரியல." நீ சிரித்துப் புரையேறி அம்மாவிடம் தலையில் தட்டு வாங்குவாய். வாரப் பத்திரிகையில் "வாரம் ஐந்து" என்று நான் எழுதுவது அந்த மேஜையேதான். மூன்று செய்தி, இரண்டு கலை, ஐந்துக்கும் என் உதை. அப்படிப்பட்டவரைக் காகிதப்பூ செய்கிற கூட்டத்தில் உட்காரவைக்கப் பார்க்கிறாய்.

நீ எப்படித்தான் வாராவாரம் எழுதுகிறாயோ என்று கேட்டிருந்தாய். பெரிய வித்தை இல்லை. அலுவலகத்திலிருந்து செய்திச் சுருக்கம் வரும், ஒவ்வொன்றும் மூன்று நான்கு வரி. அதற்கு மேல் நான் எதையும் பார்ப்பதில்லை. வீடியோ அனுப்பினால் திறப்பதே கிடையாது. முகத்தைப் பார்த்தால் பரிதாபம் வரும். பரிதாபம் வந்தால் பத்தி நாசம்.

கையெழுத்து வராது.

பெரிசு

&nbsp;

பிப்ரவரி 12

அக்கா,

உன் கடிதம் கடைக்கு வந்தது. வீட்டுக்கு வருவதையெல்லாம் அப்பா பிரித்துச் சத்தமாக வாசித்துவிடுகிறார். இனியும் கடை விலாசத்துக்கே எழுது.

உன்னைப் போல எனக்கு எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

போன வாரம் பிளாஸ்டிக் ஜாடியை அடுப்பில் வைத்துப் பற்றவைத்தார். வீடு முழுக்கக் கரும்புகை. "தண்ணி சூடாகறதுக்கு இவ்வளவு நாத்தமா" என்று என்னைக் கேட்டார்.

ஒருநாள் அம்மா எங்கே என்றார். "அம்மா இல்லப்பா" என்றேன். "இல்லைன்னு எனக்கும் தெரியுது. எங்க போனான்னுதானே கேக்கறேன்" என்றார். அதற்கு உன்னிடம் பதில் இருந்தால் அனுப்பு.

காலையில் அவர் பழைய அப்பாதான். மாலையில்தான் கஷ்டம். ஐந்து மணியானால் வெள்ளைச் சட்டையைப் போட்டுக் கழுத்துப் பொத்தான்வரை மாட்டிக்கொள்கிறார். செருப்புப் போட்டு வாசலில் நிற்கிறார். நிலையத்து வண்டி வருமாம். "நேரமாச்சு, நான் போகலைன்னா செய்தி எப்படிப் போகும்" என்கிறார். கடை எட்டு மணிக்குத்தான் மூடுவார்கள். அதுவரை பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஒரு கண் வைத்துக்கொள்கிறார். அவருக்கும் ஊசியில் ஒரு கண் வேண்டாமா?

ஒருநாள் வெளியே பூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். "யாரோ பூட்டிட்டுப் போயிட்டாங்க சின்னது. போலீஸ்ல சொல்லிடு" என்றார். சரி என்றேன். அதன்பிறகு பூட்டுவதில்லை.

இடம் மாற்றினால் இன்னும் தடுமாறுவார் என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் இரண்டு வருடம் இழுத்தேன். இந்த வீட்டில் குளியலறைக்கு அவர் கால் தானாகப் போகிறது. வேறிடத்தில் போகாது. தெரிந்துதான் கேட்கிறேன், வேறு வழி தெரியாமல். மாதக் கடைசிவரை அறையை நிறுத்திவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். விளம்பரத் தாள் இணைத்திருக்கிறேன்.

நான் கேட்பது உன் கையெழுத்து. கருத்து இல்லை.

ஒரே ஒரு தடவை வந்து பார். மாலையில் வா. காலையில் வந்தால் அவர் உன்னை ஏமாற்றிவிடுவார்.

உன் பத்தியை ஞாயிறு காலையில் அவரே வாசிக்கிறார், நிலையத்துக் குரலில். அது மட்டும் மாறவில்லை. நடிகைக்கு நன்றாகச் சிரித்தார்.

சின்னது

&nbsp;

பிப்ரவரி 19

சின்னதுக்கு,

நீ அனுப்பிய விளம்பரத் தாளைப் படித்தேன். முகப்பில் ஒரு கிழவரும் கிழவியும் ஒன்றுமில்லாததைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அத்தனை பல் அந்த வயதில் யாருக்கும் கிடையாது. "இது இல்லம் அல்ல, இன்னொரு குடும்பம்" என்று கீழே போட்டிருக்கிறது. குடும்பத்தில் இருந்து பார்க்காதவர் யாரோ எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் "கலை நிகழ்ச்சிகள் உண்டு" என்று வேறு மிரட்டல்.

கலை என்றதும் நினைவு வருகிறது. இந்த வாரத்து மூட்டையைக் கேள். இறந்துபோன பாடகர் ஒருவரை ஒளியுருவமாக மேடையில் பாடவைத்திருக்கிறார்கள். பாதிப் பாட்டில் கருவி பழுதாகி நிகழ்ச்சி ரத்து. ரசிகர்கள் அரங்க வாசலில் பூங்கொத்து வைத்து "சீக்கிரம் குணமடைய வேண்டும்" என்று எழுதியிருக்கிறார்கள். செத்தவர் குணமடைய வேண்டுமாம். ஒரு நாவலாசிரியர், பத்து வருடமாகத் தான் எந்த நாவலையும் படிக்கவில்லை, படித்தால் தன் தனித்தன்மை கெட்டுவிடும் என்கிறார். அவர் நாவலை நான் படித்திருக்கிறேன். கெடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு நகராட்சி நூலகம் திறந்திருக்கிறது. புத்தகங்கள் அடுத்த வருடம் வரும்.

உன் ஊருக்கும் இந்த வாரம் என் பத்தியில் இடம் கொடுத்தேன். நன்றி சொல்ல வேண்டாம். சுருக்கத்தில் வந்தது இவ்வளவுதான்: நூல் பரிசளிப்பு விழாவில் முதியவர் ஒருவர் ஒலிவாங்கியைக் கைப்பற்றி, அணை திறக்கப்பட்டதாகப் பொய் அறிவிப்புச் செய்தார். பார்வையாளர்கள் சிதறி ஓடினர். ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் சுளுக்கு. வீடியோ பரவுகிறது.

இதற்கு நான் எழுதியதை நீ ஞாயிறன்றே படித்திருப்பாய். எனக்கே பிடித்துப்போனதால் மறுபடி எழுதுகிறேன்:

"மழை இல்லை. அணையில் திறந்துவிடத் தண்ணீரும் இல்லை. ஆனாலும் படித்த கூட்டம் ஓடியிருக்கிறது. அவர்களை விட்டுவிடலாம், பரிசு பெற்ற நூலிலிருந்து வாசித்துக் காட்டுவார்களோ என்ற பயமாக இருக்கும். பேச்சு அந்தப் பெரியவரைப் பற்றியது. தலை நரைத்திருந்தால் பொய்க்கும் நாம் நாற்காலி போடுகிறோம். இவருடைய பசி எனக்குப் புரிகிறது. கேட்க ஆள் வேண்டும். வீட்டில் இவர் பேச்சைக் கேட்க ஒருவரும் இல்லை போலும். அதற்காக ஓர் ஊரையே தண்ணீரில் மூழ்கடிக்க வேண்டுமா?"

இணையத்தில் இந்த வருடம் அதிகம் பேர் படித்தது இதைத்தானாம். "மேடம், பின்னிட்டீங்க" என்று ஆசிரியர் செய்தி அனுப்பினார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னைத் தட்டிக்கொடுப்பதில் அவருக்கு ஒரு சுகம்.

அப்பா வண்டிக்குக் காத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். முப்பது வருடப் பழக்கம். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் தெருவில் போகிறவனை முறைப்பதில்லையா? அதற்கெல்லாம் யாரும் இல்லத்தில் சேர்ப்பதில்லை. நேரில் வரச் சொல்கிறாய். வெள்ளிக்கிழமைக்குள் பத்தி கொடுக்க வேண்டும், சனிக்கிழமை அது வேண்டாம் இது வேண்டாம் என்பார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம்.

பெரிசு

&nbsp;

பிப்ரவரி 24

அக்கா,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் குரலை வைத்தே நீ பதில் தயார்செய்துகொள்வாய். எழுதினால் கடைசிவரை படித்தாக வேண்டும். படி.

அந்த வீடியோவை நீ பார்க்கவில்லை. பார்க்கமாட்டாய் என்று நீயே எழுதியிருந்தாய். அது அப்பா.

அன்று தையல்காரம்மா பல் டாக்டரிடம் போயிருந்தார். அப்பா வழக்கம்போல வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றிருக்கிறார். அப்போது நிஜமாகவே ஒரு வண்டி வந்து நின்றிருக்கிறது. விழாத் தலைவரை அழைத்துப்போக வந்த கார். அவர் தங்கியிருந்த விடுதி அடுத்த தெருவில். ஓட்டுநர் தெரு மாறி வந்துவிட்டார். அப்பாவின் தலைமுடியையும் சட்டையையும் பார்த்து இவர்தான் என்று முடிவுசெய்து கதவைத் திறந்துவிட்டார். "ஏன்யா இவ்வளவு தாமதம்" என்று கேட்டுவிட்டு அப்பா ஏறி உட்கார்ந்திருக்கிறார். இதெல்லாம் அந்த ஓட்டுநரே என்னிடம் வந்து சொன்னது. அவரைத் தவிர யாரும் வரவில்லை.

விழாக்காரர்களில் ஒருவருக்கும் தலைவரின் முகம் தெரியாது. பெரிய விமர்சகராம். அவருடைய புத்தகங்கள் எல்லாவற்றையும் படித்திருப்பதாகப் பேசினார்களாம், அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு. பூங்கொத்துக் கொடுத்தார்கள். பேச அழைத்தார்கள். அப்பா ஒலிவாங்கியின் முன்னால் போய் நின்று "தாள் எங்கே" என்று கேட்டிருக்கிறார். யாரோ நிகழ்ச்சி நிரலைக் கையில் கொடுத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். நிரலில் இருந்ததை அல்ல.

"அணை திறக்கப்பட்டுள்ளதால், தாழ்வான பகுதிகளில் வசிப்பவர்கள் உடனடியாக மேடான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அக்கா? நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வந்த வெள்ளம். அப்பா வீட்டுக்கே வராமல் நிலையத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப வாசித்தாரே, அதே வாக்கியம். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அம்மா நம்மைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஓடினாள். என் கையைப் பிடித்திருந்தது நீ. விழாவில் இருந்தவர்கள் ஏன் ஓடினார்கள் என்று கேலி செய்திருந்தாயே. நாம் ஓடியதும் அதே காரணத்துக்காகத்தான். அந்தக் குரல் சொன்னால் காலுக்குத் தானாகத் தெரியும்.

பிறகு உண்மையான விமர்சகர் போன் செய்து கத்தியதும்தான் விழாக்காரர்களுக்கு விஷயம் புரிந்தது. ஆள் தெரியாமல் பூங்கொத்துக் கொடுத்தோம் என்று சொல்ல வெட்கமாக இருந்திருக்கும். கிழவர் பாய்ந்து வந்து பிடுங்கிவிட்டார் என்று நிருபரிடம் சொல்லிவிட்டார்கள். அப்பா பாய்கிற ஆளா? நாற்காலியிலிருந்து எழ என் தோள் வேண்டும்.

உனக்கு எழுதுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அதற்குள் உன் பத்தி வந்துவிட்டது.

ஞாயிறு காலை பத்திரிகையை ஒளித்துவைத்தேன். அவர் தையல்காரம்மாவிடம் போய் வாங்கிவந்துவிட்டார். மேஜையில் விரித்து ஐந்தையும் வாசித்தார். ஐந்தாவதை எங்கும் தடுமாறாமல் வாசித்தார். முடித்துவிட்டுச் சிரித்தார். "பெரிசு பெரிசுதான். நாலு வரியில ஆளைக் காலி பண்ணிட்டா பாரு" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "யாரு அந்த ஆளு? வீட்ல யாருமே இல்லையா அவருக்கு?" என்று கேட்டார்.

"இருக்காங்கப்பா" என்றேன்.

"இருந்தா ஏன் அங்க போய் நிக்கறாரு" என்றார்.

நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

கையெழுத்தைப் பற்றி இப்போது பேசவில்லை. இதை வைத்து எதுவும் எழுதிவிடாதே. அது போதும்.

சின்னது

&nbsp;

பிப்ரவரி 28

சின்னதுக்கு,

வீடியோவைப் பார்த்தேன். ஒருமுறை என்று பொய் சொல்லமாட்டேன்.

முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கோழைத்தனம். மேடையில் பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நிற்கிறார். ஒலிவாங்கியின் முன்னால் நின்றதும் தலையைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி எதற்கோ காத்திருக்கிறார். எதற்கென்று எனக்குப் புரிய நேரமாயிற்று. நிலையத்தில் இடது பக்கச் சுவரில்தான், வாசிக்கலாம் என்று காட்டும் சிவப்பு விளக்கு இருந்தது. விளக்கு வராததால் அவராக ஆரம்பிக்கிறார். பிறகு சத்தத்தை வைத்துக் கேட்டேன். நான் உட்கார்ந்திருந்தது நாலாவது மாடி. எழுந்து நின்றுவிட்டேன்.

கீழே ஆயிரக்கணக்கில் கருத்துகள். "கிழத்தைக் கட்டிப்போடுங்கள்", "லைக்குக்கு அலைகிறது". எல்லாம் என் வாக்கியங்கள்தான், இலக்கணம் மட்டும் மோசம். இத்தனை வருடமாக நான் ஏதோ உயர்ந்த வகை இகழ்ச்சி செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கு எழுத்துப்பிழை வருகிறது, எனக்கு வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பா பொய்ச் செய்தி வாசிப்பார் என்று என் புத்திக்கு எங்கே எட்டும், என்று உனக்கு ஒரு பதில் தயார் செய்தேன். பிறகு உன் பழைய கடிதத்தை எடுத்தேன். வெள்ளைச் சட்டை, வாசல், வண்டி, எல்லாவற்றையும் நீ முன்பே எழுதியிருக்கிறாய். நான் அதையும் செய்திச் சுருக்கம் போலத்தான் படித்திருக்கிறேன்.

இனி நீ கோபப்படப்போகிற இடம். நிலையத்தில் அப்பாவுடன் வேலை பார்த்த யாரோ குரலை அடையாளம் கண்டு பெயரைப் போட்டுவிட்டார். ஆசிரியர் உடனே போன் செய்தார். "மேடம், கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா மகளா நீங்களே எழுதினா எங்கேயோ போயிடும்." எங்கே போகும் என்று கேட்டேன். "எல்லாரும் அழுவாங்க மேடம்" என்றார். அந்த மனிதரின் குரலில் அத்தனை சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதினேன். ஒரே மூச்சில் வந்தது. நன்றாக வந்திருக்கிறது, அதுதான் அருவருப்பு. விளக்குக்காக அவர் காத்திருந்ததை எங்கே வைத்தால் படிக்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும் என்று என் கைக்குத் தெரிகிறது. சரியாக அந்த இடத்தில் வைத்திருக்கிறேன்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், யோசி. இது வந்தால் விழாக்காரர்களின் புளுகு வெளியே வரும். அப்பா எதையும் பிடுங்கவில்லை என்பது ஊருக்குத் தெரியும். அவர் பெயரை நான் கெடுத்தேன், நானே துடைக்கிறேன். இதில் என்ன தப்பு? வெள்ளிவரை அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

பெரிசு

&nbsp;

மார்ச் 4

அக்கா,

துடைக்கிறாயா? ஞாயிறு காலை அதைச் சத்தமாக வாசிக்கப்போவது யார் என்று யோசித்தாயா?

அவருக்குத் தன் பெயர் கெட்டது தெரியாது. நீ எழுதினால்தான் தெரியும். விளக்குக்காகக் காத்திருந்த மறதிக்காரர் ஒருவரைப் பற்றி, தன் மகள் எழுதியதை, தன் குரலிலேயே அவர் வாசிப்பார். பாதியில் புரிந்துவிடும். காலையில் அவருக்கு எல்லாம் புரிகிறது. ஊர் அழும் என்று உன் ஆசிரியர் சொன்னதில் அப்பாவும் சேர்த்தியா என்று கேட்டுச் சொல்.

பெயரைத் துடைக்க வேண்டுமென்றால் இரண்டு வரி திருத்தம் போடச் சொல். யாரும் படிக்காத பக்கத்தில். உன் பெயர் இல்லாமல்.

இன்னொரு விஷயம். உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்த விழாவுக்குப் பிறகு மாலையில் வாசலுக்குப் போகும் முன் "தாள் வந்ததா" என்று கேட்கிறார். போன வாரம் இரண்டு நாள் கடைக்கு விடுப்புப் போட்டிருந்தேன். முதல் நாள் ஆத்திரத்தில் கடையின் லென்ஸ் விலைப்பட்டியலைக் கையில் கொடுத்தேன். மேஜையில் உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முதலிலிருந்து கடைசிவரை கம்பீரமாக வாசித்தார். தையல்காரம்மா எதிரில் உட்கார்ந்து கேட்டார். முடித்ததும் "இன்னைக்கு ஒண்ணும் பெரிசா செய்தி இல்ல" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். சட்டையை மாற்றிக்கொண்டு சாப்பிட்டார். அன்று வாசலுக்குப் போகவில்லை.

மறுநாள் அதையே கொடுத்தேன். "இது நேத்து போட்டது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

தினமும் புதுச் செய்திக்கு நான் எங்கே போவேன்? செய்தித்தாளைக் கொடுத்தால் வேண்டாம் என்கிறார். அதில் எல்லாரும் கருத்துச் சொல்லியிருக்கிறார்களாம். வாசிக்கிற மாதிரி இல்லையாம்.

இல்லத்துக்காரர்களிடம் அடுத்த வாரம்வரை கேட்டு வாங்கியிருக்கிறேன். இனி உன் கையெழுத்து இல்லாமலே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். விதி அவ்வளவுதான் போலிருக்கிறது.

எந்த ஊரிலிருந்தும் செய்யக்கூடிய வேலை என்னுடையது என்று நீ பெருமை அடித்துக்கொள்வாய். ஒரு தடவைகூட இந்த ஊரிலிருந்து செய்ததில்லை.

சின்னது

&nbsp;

மார்ச் 8

சின்னதுக்கு,

மகள் எழுதிய கட்டுரையை அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆசிரியரிடம் சொன்னபோது அவர் பெருமூச்சு விட்டது, உறவினர் இறந்த வீட்டில் விடுகிற மாதிரி இருந்தது. திருத்தம் மட்டும் போடச் சொன்னேன். முதலில் மறுத்தார். போடாவிட்டால் அந்தக் கட்டுரையை அவருடைய போட்டிப் பத்திரிகைக்குக் கொடுப்பேன் என்றேன். கொடுக்கமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவராக இருந்தால் கொடுத்திருப்பார். இன்று பதினான்காம் பக்கத்தில், பழுதான நீரேற்று நிலையச் செய்திக்குக் கீழே வந்திருக்கிறது: "முதியவர் ஒலிவாங்கியைக் கைப்பற்றவில்லை. விழா அமைப்பாளர்கள் அவரை ஆள் மாறி அழைத்துவந்து பேச அழைத்தனர். தவறான தகவலுக்கு வருந்துகிறோம்." வருத்தத்தை எங்கே கடன் வாங்கினார்கள் என்று அப்பா கேட்பார். அந்தப் பக்கம்வரை அவர் போகமாட்டார் என்று நம்புகிறேன்.

நேற்று மாலை ஒரு காரியம் செய்து பார்த்தேன். அப்பாவைக் கேலி செய்த அந்த வாரத்துச் சுருக்கங்களை எடுத்துவைத்துக்கொண்டு, அப்பா வாசிக்கிற மாதிரி ஒரு செய்தியறிக்கை எழுத உட்கார்ந்தேன். செய்தி மட்டும். என் மூக்கு நுழையாமல். "நகராட்சி நூலகம் திறந்துவைக்கப்பட்டது. புத்தகங்கள் அடுத்த ஆண்டு வழங்கப்படும் என நகராட்சித் தலைவர் தெரிவித்தார்." இதற்குப் பிறகு முற்றுப்புள்ளி வைக்க நான் பட்ட பாடு. விரல் அரிக்கிறது. இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன், ஒரு செய்தியை அதன்பாட்டுக்கு விட எனக்குத் தெரியவில்லை. மூன்று முறை கிழித்துப் போட்டேன். நாலாவதில்தான் சொல்லக்கூடிய மாதிரி வந்தது. படித்துப் பார்த்தேன். சப்பென்று, உப்புச் சப்பில்லாமல், ஒரு வசைக்கும் இடம்கொடுக்காமல் இருக்கிறது. இடம்கொடுக்காமல் என்பது தவறு. அத்தனை இடமும் காலியாக இருக்கிறது. அது அவர் பேசுவதற்கான இடம். மேஜையில் அப்பா தாளை விரித்தபோது யாரோ ஒருவர் நிலையத்தில் உட்கார்ந்து அதை அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த ஆளை நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

நான் எதையும் தியாகம் செய்யவில்லை, அந்தத் தொனியில் இதைப் படிக்காதே. இங்கே இந்த வீட்டில் நான் பேசினால் கேட்பது ஃப்ரிட்ஜ்தான். ஊர் முழுக்கப் படிக்கிறது என்பதால் அது தெரியாமல் இருந்தது. வீட்டில் கேட்க ஆளில்லாதவர் மேடை தேடுகிறார் என்று எழுதினேனே, யாரைப் பார்த்து எழுதினேன் என்பது இப்போது தெரிகிறது. அந்தக் கிழவரை நான் பார்த்திருக்கவில்லை. என்னைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியருக்கு இன்னும் தெரியாது, அடுத்த ஞாயிறு "வாரம் ஐந்து" வராது என்று. அதற்கடுத்த ஞாயிறும். அப்பா ஏமாறுவார், "பெரிசுக்கு உடம்பு சரியில்லையா" என்று கேட்பார். பெரிசு எதிரில் உட்கார்ந்திருப்பாள், அவர் காலையில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். இந்த வீட்டின் சொந்தக்காரருக்கும் தெரியாது. அவர் வருத்தப்படமாட்டார், வாடகையை ஏற்றிக் கேட்க ஒரு காரணம் கிடைக்கும். உனக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடப்போவதில்லை. போட்டால் நீ பதில் எழுதுவாய், "எத்தனை நாளைக்கு" என்று கேட்பாய், நான் ஒரு கருத்துச் சொல்வேன், மறுபடி ஒரு வருடம் போய்விடும். கையில் கொண்டுவருகிறேன். திரும்பி வருகிற டிக்கெட் எடுக்கவில்லை. உன் முன்னறைச் சோபா மட்டமானது, நடுவில் ஒரு கம்பி குத்தும். அதில்தான் படுப்பேன், தினமும் குறை சொல்வேன். இல்லத்துக்காரர்களுக்கு நீ என்ன பதில் சொல்வாய் என்பது உன் இஷ்டம். நீ கடையிலிருந்து வருகிற எட்டு மணிவரை அந்த மூன்று மணி நேரம் என்னுடையது, அவ்வளவுதான் நான் முடிவு செய்திருப்பது.

மாலையில் வரச் சொல்லியிருந்தாய். மாலையில் வருகிறேன். அப்பா வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றிருப்பார். என்னை யாரென்று தெரியாமல்கூடப் போகலாம், அதற்கும் தயாராகத்தான் வருகிறேன். வண்டி எங்கே என்று கேட்பார். வண்டி பழுது, இன்றைக்கு வீட்டிலிருந்தே வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லித் தாளைக் கையில் கொடுப்பேன்.

பொய்ச் செய்திதான். பரப்பப்போகிறேன்.

பெரிசு